யாருக்காகக் காத்திருப்பது?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 8 நெருங்கும்போது நாளிதழ் இணைப்புகளில் ஒரு கட்டுரை தவறாமல் வரும். நன்றாகப் படித்த ஒரு பெண். கை நிறையச் சம்பளம். ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டுத் தனக்குப் பிடித்ததைச் செய்யப் புறப்படுகிறாள். சில ஆண்டுகளில் பலரும் அறிந்தவளாகிறாள். கடைசிப் பத்தியில் நம்மை நோக்கி, 'உங்கள் கனவைக் கைவிடாதீர்கள்' என்கிறாள். அவள் கேக் செய்பவளாக இருக்கலாம், இயற்கை விவசாயம் பார்ப்பவளாக இருக்கலாம். ஆனால் இந்த வரிசையில் எல்லோரையும் அதிகம் கவர்பவள் காட்டுக்குப் போனவள்தான். பச்சை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு, தன் கையைவிட நீளமான லென்ஸோடு நிற்கும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர்.

இரண்டாமாண்டு மாணவிகளுக்கு அப்படியொரு கட்டுரையைக் கொடுத்து ஒரு பக்கத்தில் விமர்சனம் எழுதச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் ஊக்கமூட்டுகிறது, துணிச்சல் தருகிறது என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் மூன்றே வரிகள் எழுதியிருந்தாள். "வேலையை விட்டவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் விடுவதற்கு யாருக்கும் அப்படி ஒரு வேலை இல்லை. அம்மா செய்வதை விட முடியாது."

மதிப்பெண் போட முடியாமல் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்தேன். இந்தக் கட்டுரை அந்த மூன்று வரிகளுக்குப் பதில் தேடும் முயற்சி.

முதலில் நமக்கு நெருக்கமான ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். ரதிகா ராமசாமி தேனிக்குப் பக்கத்தில் பிறந்தவர். கணினிப் பொறியியலும் பிறகு மேலாண்மையும் படித்தவர். மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். டெல்லியில் வாழ்ந்த காலத்தில், 2003இல் ராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் போனார். அங்கே கண்ட பறவைகள் அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றின. ஒளிப்படத்தையே முழுநேரப் பணியாக எடுத்துக்கொண்டார். 2010இல் பறவை ஒளிப்படக்கலை பற்றியும் 2014இல் காட்டுயிர்களைப் பற்றியும் அவருடைய புத்தகங்கள் வந்தன. காட்டுயிர் ஒளிப்படத்தில் உலக அளவில் பெயர் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற அடைமொழியோடுதான் பத்திரிகைகள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன ஒரு பெண் இந்த இடத்தைப் பிடித்தது எளிதான காரியமல்ல. அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

என் கேள்வி அவரைப் பற்றியது அல்ல. அவரைப் போன்றவர்களின் வாழ்க்கையை நாம் கதையாக்கும் விதத்தைப் பற்றியது. இந்தக் கதைகள் 'விட்டாள்' என்ற சொல்லின் மீது நிற்கின்றன. ராஜினாமாக் கடிதம் கொடுத்த நாள்தான் அவற்றின் உச்சக் காட்சி. கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் நம் சமூகத்தில் ஒரு பெண் வேலையை விடுவது சாதாரணச் செய்தி. கல்யாணம் ஆனால் விடுகிறாள். கணவனுக்கு மாற்றலானால் விடுகிறாள். குழந்தை பிறந்தால், மாமியார் படுத்துவிட்டால், பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்தால் விடுகிறாள். அப்போதெல்லாம் யாரும் புகைப்படக்காரரை அனுப்புவதில்லை. 'நல்ல முடிவு' என்று தலையாட்டுகிறார்கள். விடுவது அவளுக்குப் புதிதல்ல. விடும்படிதான் அவளை வளர்த்திருக்கிறார்கள். வேறொருவருக்காக இல்லாமல் தனக்காக ஒன்றை நோக்கிப் போவதற்காக விடுவதுதான் அரிது. பத்திரிகைக் கட்டுரை இந்த அரிய பாதியைக் 'கனவு' என்ற ஒரு சொல்லில் சுருக்கிவிட்டு, மலிவான பாதியைத் தலைப்பாக்குகிறது.

ஆண்களின் கதையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். இந்தியக் காட்டுயிர் ஒளிப்படத்தின் முன்னோடிகளில் ஒருவரான மா. கிருஷ்ணன் தமிழர். 1912இல் பிறந்தவர். சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். 1949இல் அந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு, மாதச் சம்பளத்தை நம்பாமல் எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பிச் சென்னையில் வாழ்ந்தார். 1950 தொடங்கி 1996இல் இறக்கும் வரை ஒரே நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவில், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். பெரிய வாழ்க்கை அது. ஆனால் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நான் படித்த வரையில், அவர் முதுமலையில் இருந்த நாட்களில் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள், நிலையான சம்பளம் இல்லாத குடும்பத்தில் மாதக் கடைசியை யார் சமாளித்தார்கள் என்ற கேள்வி பெரிதாக எழுந்ததே இல்லை. அந்தக் கேள்வி அவருடைய கலைக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துவிட்டோம். இத்தனைக்கும் அவர், 1903இலேயே 'முத்துமீனாட்சி' நாவலில் ஒரு விதவைப் பெண்ணின் வாழ்வைப் பேசிய அ. மாதவையாவின் மகன்.

பெண் கலைஞரிடம் இந்தக் கேள்வி தவறாமல் கேட்கப்படுகிறது, ஆனால் வேறு உருவத்தில். 'வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?' என்று கேட்கிறார்கள். கணவருக்கு நன்றி சொல்லும் ஒரு வரி கட்டுரையில் இடம் பெறும். ஆண் கலைஞரின் வீட்டு உழைப்பு கண்ணில் படுவதில்லை. பெண் கலைஞருக்கு வீட்டார் தரும் அனுமதி பெருந்தன்மையாகிறது. இரண்டு இடத்திலும் உழைப்பு என்ற சொல்லே வருவதில்லை.

இனி வேலையைப் பார்ப்போம். காட்டுயிர் ஒளிப்படம் என்றால் பொத்தானை அழுத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். அழுத்துவது ஒரு நொடியின் சிறு பங்கு. மீதி எல்லாம் காத்திருத்தல். பறவை எந்தக் கிளைக்குத் திரும்பி வரும், எந்தப் பக்கம் பார்த்து உட்காரும் என்று கவனித்து, காற்றையும் வெயிலையும் கணக்கிட்டு, அசையாமல் இருக்க வேண்டும். நான்கு நாள் காத்திருந்து ஒரு படமும் கிடைக்காமல் திரும்புவதும் இந்த வேலையில் சேர்த்திதான். எல்லா நேரமும் இதற்கு ஏற்ற நேரம் அல்ல. சூரியன் உதித்ததிலிருந்து எட்டரை, ஒன்பது மணி வரையிலும், பிறகு மாலை நான்கிலிருந்து இருட்டும் வரையிலும்தான் வெளிச்சம் சாய்வாக, மென்மையாக விழும். பறவைகளும் விலங்குகளும் இரை தேடி வெளியே வருவதும் அப்போதுதான். உச்சி வெயிலில் நிழல் கறுத்துவிடும், உயிர்கள் ஒதுங்கிவிடும்.

இந்த அட்டவணையை ஒரு பெண்ணின் நாளோடு பொருத்திப் பாருங்கள். காலை ஆறிலிருந்து எட்டரை வரை அடுப்பில் ஒன்று, மேடையில் ஒன்று, டிபன் டப்பாக்கள், பிள்ளையின் ஜடை, தண்ணீர் மோட்டார். மாலை நான்கிலிருந்து ஏழு வரை பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், காபி, விளக்கு, ராச்சாப்பாட்டுக்கு அரிசி. அவளுக்கு ஓய்வென்று ஏதாவது கிடைத்தால் அது பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான். காட்டில் ஒன்றும் நடக்காத நேரம் அது. காட்டின் நல்ல வெளிச்சமும் வீட்டின் அடுப்பு வெளிச்சமும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. இதற்காக யாரும் சதி செய்யவில்லை. ஆனால் காலையின் அந்த இரண்டரை மணி நேரம் யாருக்குச் சொந்தம் என்பதில் ஓர் அதிகார ஏற்பாடு இருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் பழைய கேமரா ஒன்றையும் முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமைக் காலைகளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்வந்தேன். நீலத் தாழைக்கோழி தன் குஞ்சைக் கோரைக்குள்ளிருந்து வெளியே அழைத்து வரும் ஒரு காட்சிக்காக மூன்று சனிக்கிழமைகள் ஒரே இடத்தில் நின்றேன். மூன்றாவது வாரம் கோரை அசைந்தது. செம்மூக்கு வெளியே தெரிந்தது. அப்போது பையில் போன் அதிர்ந்தது. "சாம்பார்ப் பொடி எங்க இருக்கு?" என் கணவர் கொடுமைக்காரர் அல்ல. சமைக்க முன்வந்தவர்தான். பொடி எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்கும் வேலை மட்டும் காட்டிலும் என்னிடமே இருந்தது. பறவை உள்ளே போய்விட்டது. அந்த ஆண்டு மழைக்காலத்தோடு கேமரா பீரோவுக்குள் போனது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதனால்தான் யார் மீதும் கோபப்படவும் முடியவில்லை.

காட்டுயிர் ஒளிப்படப் பெண்களைப் பற்றிய கட்டுரைகளில் இன்னொரு வாக்கியம் அடிக்கடி வரும். பொறுமை பெண்களுக்கு இயல்பு, அதனால் இந்தத் துறையில் அவர்கள் சிறக்கிறார்கள் என்பார்கள். பாராட்டுப் போலத் தோன்றும் இந்த வாக்கியம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பல ஆண்டுகள் கற்றுக்கொண்ட திறமையை இது பிறவிக் குணமாக்கிவிடுகிறது. புலியின் வழித்தடம் படிப்பது, பறவையின் குரலைப் பிரித்தறிவது, வெளிச்சத்துக்கேற்ப நொடியில் கருவியைத் திருத்துவது எல்லாம் பயிற்சி. ஆணுக்கு அதை நிபுணத்துவம் என்கிறோம், பெண்ணுக்குப் பொறுமை என்கிறோம். பொறுமைக்குச் சம்பளம் கிடையாது என்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும்.

காட்டையும் பெண்ணின் காத்திருப்பையும் முடிச்சுப் போட்டது இன்று நேற்றல்ல. நம் அகத்திணை மரபில் காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல். பொழுது கார்காலத்து மாலை. தலைவன் வினைமேல் போயிருக்கிறான். தலைவி ஆற்றியிருக்கிறாள். இன்று ஒளிப்படக்காரர்கள் தேடி அலையும் அதே மாலை வெளிச்சத்தில் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சுற்றிலும் முல்லை பூக்கிறது, மான் துணையோடு திரிகிறது. அவையெல்லாம் அவன் வரவைச் சொல்லும் குறிகளாகத்தான் அவளுக்கு அர்த்தப்படுகின்றன. மானை மானுக்காகப் பார்க்கும் உரிமை அந்தப் பாத்திரத்துக்குத் தரப்படவில்லை.

குறிஞ்சியில் இன்னும் கூர்மையான ஒரு காட்சி உண்டு. தினை முற்றும் காலத்தில் இளம்பெண்களைப் புனம் காக்க அனுப்புவார்கள். பரண் மேல் உட்கார்ந்து கவணும் தட்டையும் கொண்டு கிளி விரட்டுவார்கள். நாள் முழுக்கப் பறவைகளைக் கவனிப்பதே வேலையாக இருந்த பெண்ணைத் தமிழ் இலக்கியம் அப்போதே அறிந்திருக்கிறது. எந்தக் கிளி எந்தப் பக்கமிருந்து வரும் என்பது அவளுக்குத் தெரிந்துதானே இருக்கும்! ஆனால் அவள் காதல் வெளியே தெரிந்தாலோ, தினை அறுவடை முடிந்தாலோ அவளை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். அதற்கு இற்செறிப்பு என்று துறைப் பெயரே இருக்கிறது. பெண் பரணில் இருந்தது ஒரு பருவம் மட்டும், அதுவும் குடும்பத்தின் தினைக்காக. அங்கிருந்து அவள் இறங்கிய பாதை வீட்டுக்குள் போனது.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான் ஒரு பெண் கேமராவோடு மறைவிடத்தில் உட்கார்ந்திருப்பதன் பொருள் எனக்குப் பிடிபட்டது. அவளும் இருக்கிறாள், அவளும் காத்திருக்கிறாள். ஆனால் தலைவனுக்காக அல்ல, பிள்ளைக்காக அல்ல. தனக்கு எந்த உறவும் இல்லாத, தன்னை ஏறெடுத்தும் பார்க்காத ஓர் உயிருக்காகக் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பின் பலன் அவள் பெயரில் வெளியாகிறது. வேலையை விட்டது அல்ல, காத்திருப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்டதுதான் இந்தப் பெண்களின் சாதனை. கட்டுரைகள் கொண்டாட வேண்டியது இதை.

பரத்பூரையே எடுத்துக்கொள்வோம். இன்று பறவைகளின் புகலிடமாக இருக்கும் கேவலாதேவ், ஒருகாலத்தில் அரச குடும்பத்தின் வாத்து வேட்டைக் களம். வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவும் உடன் வந்தவர்களும் 1938 நவம்பரில் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். இப்படிப்பட்ட வேட்டைக் கணக்குகளைக் கல்லில் பொறித்து அங்கேயே நட்டு வைத்திருக்கிறார்கள். கேமரா வந்த பிறகும் ஆங்கிலத்தில் சுடுதல் என்ற சொல் போகவில்லை. நாமும் படம் 'பிடிக்கிறோம்'. தேசியப் பூங்காக்களில் புலி தென்பட்டால் இருபது ஜீப்புகள் முண்டியடித்து நிற்கும் காட்சியில் அந்தக் கல்வெட்டின் மனநிலை இன்னும் மிச்சமிருக்கிறது. அதே பரத்பூரில் ஒரு தேனிப் பெண் பறவைகளைப் பார்த்து நின்றுவிட்டார் என்பது நினைக்கவே நிறைவாக இருக்கிறது. அதற்காகப் பெண் என்றாலே காட்டை மென்மையாகப் பார்ப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். முண்டியடிக்கும் ஜீப்புகளில் பெண்களும் இருக்கிறார்கள்.

உடலைப் பற்றியும் பேச வேண்டும். கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. பறவைப் படங்களுக்குப் பலரும் விரும்பும் அறுநூறு மில்லிமீட்டர் பெரிய லென்ஸ் மூன்று கிலோவுக்கு மேல் எடை. விலை 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். எடையைப் பழக்கத்தால் தூக்கிவிடலாம். விலையை எதைக் கொண்டு தூக்குவது? தன் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களே அதிகமாக உள்ள நாட்டில், கழுத்து நகை மட்டுமே சொத்தாக உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? புலிகள் காப்பகங்களில் சவாரி தொடங்கினால் மூன்று, நான்கு மணி நேரம் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. பாதுகாப்புக்கான விதி, நியாயமான விதி. அதனால் பெண்கள் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்பதை ஒருவருக்கொருவர் காதோடு காதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். காட்டோரத்து ஊரில் தனியாக ஒரு பெண் அறை கேட்டால் வரும் பார்வையை நான் விவரிக்கத் தேவையில்லை. யானையைவிட ஆளுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுக்குப் போகும் எல்லாப் பெண்களும் அறிவார்கள்.

இவையெல்லாம் சேர்ந்து என்ன விளைவிக்கும் என்பதற்கு ஓர் எண் போதும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் போட்டி 1965இல் தொடங்கியது. 2022இல் அதன் முதன்மைப் பரிசைப் பெற்ற அமெரிக்கரான கரின் ஐக்னர், அந்தப் பரிசை வென்ற ஐந்தாவது பெண். 58 ஆண்டுகளில் ஐந்து பேர். பெண்களுக்கே இயல்பான பொறுமை இத்தனை ஆண்டுகள் எங்கே போயிருந்தது? அடுப்பருகில்தான் இருந்திருக்கும்.

ஐக்னரும் வேலையை விட்டவர்தான். சிறுவர் பத்திரிகை ஒன்றில் ஒளிப்பட ஆசிரியராக இருந்து, மற்றவர்கள் எடுத்த படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர். பரிசு பெற்ற அவருடைய படத்தில் யானையோ புலியோ இல்லை. டெக்ஸாஸின் சுட்ட மண்ணில் உருளும் ஒரு பந்து. கூர்ந்து பார்த்தால் அது கள்ளித் தேனீக்களின் கூட்டம். அநேகமாக எல்லாம் ஆண்கள். நடுவில் சிக்கியிருக்கும் ஒரே ஒரு பெண் தேனீயோடு கூடுவதற்காக ஒன்றின் மேல் ஒன்றாக மொய்த்துக்கொண்டிருக்கின்றன. கேமரா தேனீயின் கண் மட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. இதை எடுக்க மண்ணோடு மண்ணாகக் குனிய வேண்டும்.

இந்தப் படத்தைக் காட்டியபோது மாணவிகள் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். நெரிசல் பேருந்து எல்லோர் நினைவுக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த வாசிப்போடு நின்றுவிட்டால் நாமும் தேனீயை நம் கதைக்கு உவமையாக்கிவிடுகிறோம். முல்லைத் தலைவியின் மானுக்கு நேர்ந்தது அதுதான். அந்தப் படத்தின் பலம், தேனீக்கு மனித நியாயம் எதையும் ஏற்றாமல், அதன் வாழ்க்கையை அதன் அளவிலேயே நமக்குப் பெரிதாக்கிக் காட்டுவதில் இருக்கிறது. பெருவிலங்கைத் தேடிப் போகும் வழக்கத்தை விட்டு, காலடி மண்ணைப் பார்த்த கண் அது. இந்தப் பார்வை பெண்ணாகப் பிறந்ததால் வந்ததல்ல. பார்ப்பதற்கு நேரம் இருந்ததால் வந்தது.

இதுவரை காட்டுக்குப் 'போகும்' பெண்களைப் பற்றிப் பேசினேன். காடு ஆளில்லாத இடம் அல்ல. அங்கேயே பிறந்து, தேனும் கிழங்கும் சேகரித்து, யானையின் வாசம் அறிந்து வாழும் பெண்கள் இருக்கிறார்கள். வேலையை விட்டு வந்தவளின் கதையில் அவர்கள் வழிகாட்டியாக, சமையல்காரியாக, சில நேரம் வெறும் பின்னணியாக வந்து போகிறார்கள்.

உதகையில் பிறந்து ஒளிப்படக் கலைஞராகவும் இயங்கிய கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் பெற்றதை நாம் அறிவோம். முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில், தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி இணையரின் கதை. காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பெள்ளி குட்டிக்கு ஊட்டுகிறார், குளிப்பாட்டுகிறார், பேசுகிறார். உலகமே அவருடைய தாய்மையை வியந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் தமிழ்நாடு அரசு அவருக்கு நிரந்தரப் பணிக்கான ஆணையை வழங்கியது. தமிழ்நாட்டின் முதல் பெண் காவடி அவர். யானைப் பாகனுக்கு உதவியாக யானையைப் பராமரிப்பவருக்குக் காவடி என்று பெயர்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் உழைப்பு. பிறகு படம், பாராட்டு, விருது. அதற்கும் பிறகுதான் நிரந்தர வேலை. தாய்மை என்று சொல்லிக் கைதட்டும்போது, யானைக் குட்டியை உயிரோடு காப்பாற்றுவது தேர்ந்த தொழில் அறிவு என்பது மறைந்துபோகிறது. அங்கே பொறுமை என்ற சொல் செய்ததை இங்கே தாய்மை என்ற சொல் செய்கிறது. ஒருத்தி வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் வருகிறாள். இன்னொருத்தி காட்டுக்குள் காலமெல்லாம் செய்ததற்கு வேலை என்ற பெயர் கிடைக்கக் காத்திருக்கிறாள். இந்த இரண்டு கதைகளையும் ஒரே பக்கத்தில் அச்சிடும் இணைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், திருமணமானவர்களுக்கு நில உரிமைப் பட்டாவைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தர வேண்டும் என்கிறது. நாட்டின் பல வீடுகளில் இல்லாத ஒரு நியாயத்தைக் காட்டுக்கான சட்டம் எழுதி வைத்திருக்கிறது. காட்டைப் படம் எடுக்கப் போகும் நம் பெண்கள், அந்தப் பட்டா தங்களோடு நடக்கும் பெண்ணின் கையில் இருக்கிறதா என்றும் கேட்கப் பழக வேண்டும். புலியைப் பற்றிய கேள்விகளோடு இதுவும் ஒரு கேள்வி.

அப்படியானால் அந்தச் சாதனைக் கட்டுரைகளே வேண்டாமா? வேண்டும். தேனிப் பக்கத்தில் இன்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்கு, இப்படியும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்ற செய்தி போய்ச் சேர வேண்டும். ஆனால் அவளிடம் முழுக் கணக்கையும் சொல்ல வேண்டும். முதல் லென்ஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, வருமானம் இல்லாத ஆண்டுகள் எத்தனை, அந்த ஆண்டுகளில் வாடகை யார் கொடுத்தார்கள், காலை ஆறு மணிக்கு அடுப்படியில் யார் நின்றார்கள், வழிகாட்டியின் பெயர் என்ன, அவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள். இதையெல்லாம் கேட்டால் அந்தக் கலைஞரின் பெருமை குறையாது. பின்னால் வருபவளுக்குப் பாதை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியும். கனவு காணச் சொல்லிவிட்டுக் கணக்கை மறைத்தால், முடியாமல் திரும்பி வரும் பெண் தனக்குத் துணிச்சல் போதவில்லை என்று நினைத்துக்கொள்வாள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வகுப்பில் மாணவிகளுக்கு இன்னொரு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டில் காலை ஆறிலிருந்து எட்டு மணி வரையான நேரம் யாருக்குச் சொந்தம் என்று எழுதுங்கள் என்றேன். செய்தித்தாள் படிக்கும் அப்பா வந்தார், நடைப்பயிற்சி போகும் தாத்தா வந்தார், தூங்கும் தம்பி வந்தான். அம்மா என்று ஒருத்திகூட எழுதவில்லை.

மூன்று வரி எழுதிய மாணவி இந்த முறை ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அவர்கள் தெருவுக்கு விடியுமுன் தண்ணீர் லாரி வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அம்மா நாலரை மணிக்கே குடங்களை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். இருட்டில் முதலில் குரல் கொடுப்பது கரிச்சான்தான், அதற்கப்புறம்தான் காக்கை என்று அம்மா சொல்வாராம். மின்கம்பத்துக்குப் பக்கத்துக் கம்பியில் உட்காரும் கரிச்சானுக்கு வாலில் ஒரு பக்கம் குட்டை என்பதுகூட அம்மாவுக்குத் தெரியுமாம். "அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை நான் கேட்டதில்லை, மேடம்" என்று முடித்திருந்தாள்.

பீரோவிலிருந்து கேமராவை எடுத்துத் துடைத்தேன். லென்ஸின் ஓரத்தில் பூஞ்சை படிந்திருக்கிறது, மையம் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை அதை அவளிடம் கொடுக்கப் போகிறேன். விடியுமுன் எடுக்கும் படம் சரியாக வராது, கொஞ்சம் வெளிச்சம் வரும்வரை கரிச்சான் அங்கேயே இருக்குமா என்று அம்மாவிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.